திருப்பிக் கொடுத்த மீன்

விசிலை ஊதினேன். பந்து என்று அர்த்தம். பந்தையும் தூக்கிக் காட்டினேன்.

தொட்டியின் ஓரத்தில் தலையை நீட்டியிருந்த டால்பின் என்னைப் பார்த்தது. பிறகு தன் பழைய சத்தத்தையே போட்டது. கீழேயிருந்து ஏறி, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, சர்ரென்று இறங்கும் சீழ்க்கை.

பதினோரு மாதமாக இதே கூத்துதான்.

நான் ஊதுவதை அது திருப்பி ஊதினால் ஒரு மீன் பரிசு என்பது ஏற்பாடு. ஒரு தடவைகூட ஊதியதில்லை. மகாராணி என்று பெயர் வைத்தது எங்கள் தப்பு.

நாலு மணிக்கு எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் வருகிறார். ஒரு வார்த்தையாவது தேறவில்லை என்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. மகாராணி வளையம் தாண்டி வித்தை காட்டும் இடத்துக்குப் போய்விடும்.

"விடும்மா, அதுக்கு மண்டையில ஏறாது," என்றார் தீனி போடுகிறவர், வாளியைக் கழுவிக்கொண்டே.

மணி மூன்றே முக்கால். மறுபடி ஊதினேன். மறுபடி அதே சீழ்க்கை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசிலைத் தரையில் வீசிவிட்டு, உதட்டைக் குவித்து, அதன் சத்தத்தையே அதன் முகத்துக்கு நேராகப் போட்டேன். ஏறி, வெட்டி, இறங்கி. பழிப்புக் காட்டத்தான்.

மகாராணி அசையாமல் நின்றது. சட்டென்று முங்கியது. காலையில் தின்னாமல் விட்ட மீன் ஒன்றை அடியிலிருந்து கவ்வி வந்து என் காலடியில் வைத்தது.

இந்தத் திமிர் புதிதல்ல. எழுதிவைக்கக் குறிப்பேட்டைப் புரட்டினேன். முன்பே மூன்று நாள் எழுதியிருந்தேன்: 'மீனைத் திருப்பிக் கொடுத்தது. வீம்பு.'

மூன்று நாளும் அதற்கு முந்தைய வரியும் ஒன்றேதான்: 'பொறுமை போய் அதன் சத்தத்தை நானும் போட்டேன்.'

இரண்டு வரிகளையும் சேர்த்து இன்னொரு முறை படித்தேன். பேனா ஓடவில்லை.

தொட்டியிலிருந்து மறுபடி அந்தச் சீழ்க்கை வந்தது. இந்த முறை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

குனிந்து மீனை எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்து இயக்குநர் வந்தார். என் கையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தார். "ஒரு வார்த்தையாவது கத்துக்கிச்சா?"

"நாலு தடவை சரியாச் சொல்லியிருக்கேன் சார்," என்றேன்.