சின்னத்தாயின் முதுகு

"யோவ் சூப்பர்வைசரே! நிமிர்ந்து நடந்த பொம்பளையத்தான்யா உன் மலைக்கு அனுப்புனேன். இப்பப் பாரு, தரையப் பாத்தே நடக்குறா!"

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசலில் முனீஸ்வரன் கத்தினான். தராசைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சூப்பர்வைசர் செல்லத்துரையைப் பார்த்தார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்பா. சின்னத்தாய்க்கு மூட்டையை அவ்வளவு கனமா ஏத்தியிருக்கக் கூடாது."

"தப்புன்னு சொன்னா என் பொண்டாட்டி முதுகு நிமிர்ந்துருமா? உன் பொண்டாட்டின்னா ஏத்துவியா?"

செல்லத்துரையின் பொண்டாட்டி ஆனந்தியும் கொழுந்து மூட்டையோடு வரிசையில்தான் நின்றாள். காது மடல் எரிந்தது.

இது புதிதல்ல. ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்தால் முனீஸ்வரன் நேரே இங்கே வந்துவிடுகிறான். லயத்து வீட்டு வரிசையின் குழாயடியில் இப்போது யாரும் ஆனந்தியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் முன்னால் டீயை நங்கென்று வைத்தாள்.

"ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? இளைப்புக்காரின்னு அவ மூட்டையைப் பாதி நாள் நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க? எனக்குத் தெரியாதா? பேசாம நிக்கிறீங்க. தலையை வெளியே காட்ட முடியல எனக்கு."

செல்லத்துரை டீயை ஊதிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"எஸ்டேட் ஜீப்புல அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்ல. டாக்டர் மூட்டைன்னு சொல்லல."

"பின்னே?"

"இளைப்புக்கு டாக்டர் சீட்டு இல்லாம வருஷக்கணக்கா முழுங்குன ஸ்டீராய்டு மாத்திரை. எலும்பு உளுத்துப்போச்சு. முதுகெலும்பு நொறுங்கி உக்காந்துருச்சாம். இப்ப கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தி வேற மருந்து குடுக்குறாங்க. வீட்ல மருந்து மாத்தியிருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கா."

"டாக்டர்கிட்ட காட்டாம அதை வாங்கிக் கொடுத்தது எந்தப் பாவி?"

"அப்படிக் கேக்காத ஆனந்தி. ஆஸ்பத்திரி வாசல்லயே சின்னத்தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. 'மூட்டைன்னே இருக்கட்டும்ண்ணே. உங்களைத் திட்டிட்டாவது அவரு உசுரோட இருக்கட்டும்'னா."

"யாரு?"

செல்லத்துரை ஆறிப்போன டீயைக் கீழே வைத்தார்.

"அவ மூச்சுத் திணறுறதைப் பாக்க முடியாம, மழையோ பனியோ, வாராவாரம் மலையிறங்கி அந்த மாத்திரையை வாங்கிட்டு வந்தது முனீஸ்வரன்தான்."