ஒரே ஒரு நிழல்படம்

"சூடாயிட்டே வருதுன்னா என்ன அர்த்தம்? எம்பொண்ணு உள்ள இருக்காளா இல்லையா?" கண்ணாடிக் கூண்டின் முன் நின்று ஜெபராணி கத்தினாள்.

விபத்தில் மூளை சிதைந்த மகள் ரூத்தின் நினைவெல்லாம் அந்தக் கூண்டில் மிதந்த, கடுகளவேயான குளிர் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றிய வாயு மேகத்தில்தான் பதிந்திருந்தது. கூண்டுக்கு வெளியே பொருத்தியிருந்த வெப்பமானி காலையிலிருந்து சிவப்பில் நின்றது.

"லேசர் அடிச்சு நிழல்படம் எடுத்தாத்தான் தெரியும்மா," என்றார் ஆய்வக ஊழியர் மாசிலாமணி. "ஆனா எடுத்தா மேகம் கலைஞ்சிரும். மத்த மேகம்னா கலைஞ்சாலும் புதுசா வேற செஞ்சுக்குவோம். உங்க பொண்ணு இருக்குற இத எப்படித் திரும்பச் செய்யறது?"

"எடுக்கலேன்னா?"

"இப்படியே சூடானா சாயங்காலத்துக்குள்ள தானாவே கலைஞ்சிரும்."

"அப்ப போற பிள்ளைய ஒரு தடவையாவது பாத்துக்கிறேன். எடுங்கய்யா!"

எடுத்தார்.

திரையில் ஓரம் சிதையாத, இறுக்கமான சின்ன வட்டமாக நிழல் விழுந்தது. மாசிலாமணி அளவைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். மேகம் சூடாகவே இல்லை. வெப்பமானிதான் பழுது.

"நல்லாத்தானேய்யா இருக்கா?" ஜெபராணி திரையைத் தடவினாள்.

அவர் வாய் திறப்பதற்குள், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் செய்வதுபோலவே, இயந்திரம் கூண்டுக்குள் யாருமில்லாத புது மேகம் ஒன்றை நிரப்பி வைத்தது.