இழுவை

"சார், இழுக்கப் போறது என்னன்னு சொல்லுங்க. அப்பத்தான் எதை மாட்டலாம்னு நான் சொல்ல முடியும்" என்றார் ஃபிட்டர், மூன்றாவது முறையாக.

கடை வாசலில் அவனுடைய பிக்கப் வண்டி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ட்ரெய்லரைக் கோத்து இழுப்பதற்கு ஒரு டோ பார் வேண்டும். மேசைமேல் நான்கு விதம் கிடந்தன. நான்குமே அவனுக்குப் பிடித்திருந்தன. அதுதான் சிக்கல்.

"கழட்டி மாட்டறதா, நிரந்தரமா நிக்கிறதா? அதுலதான் குழப்பமா இருக்கு."

"கழட்டறது விலை கூட. நிரந்தரமா நிக்கிறது முழங்கால்ல இடிக்கும். அவ்வளவுதான் சார் வித்தியாசம். பத்து மணிக்கு வந்தீங்க, இப்ப மூணாகப் போகுது."

அவன் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்தான். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு குண்டூசியைக்கூட உள்ளே விடமாட்டான். ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர் 'இழுவை'. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபப்படலாமா வேண்டாமா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் கூப்பிட்டவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

ஃபிட்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "போன வாரம் ஒரு அம்மா அவங்க அண்ணனோட பழைய பிக்கப்பை எடுத்துக்கிட்டு வந்தாங்க. கையில ஒரு துண்டுச் சீட்டு. எடை, சைஸ், ட்ரெய்லர் லைட்டுக்கான பிளக்குல எத்தனை முள்ளு, எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சிடுச்சு."

"அவசரக்காரங்க. அப்புறமா வருத்தப்படுவாங்க."

"எனக்கு அப்படித் தெரியல சார். வருத்தமெல்லாம் முன்னாடியே பட்டு முடிச்ச மாதிரி இருந்தாங்க."

அவன் பேச்சை மாற்றினான். "என் சம்சாரத்தோட ட்ரெய்லர்தாங்க. உள்ள ரெண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை. சந்தை நடக்கற ஊருக்கெல்லாம் கொண்டு போயி, நின்ன இடத்துலயே தச்சுக் குடுக்கணும்னு அவளுக்கு ஆசை."

"நல்ல யோசனையாச்சே. எப்ப வாங்கினது?"

"ரெண்டு வருஷமாச்சு."

ஃபிட்டர் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொல்லாதது அவனுக்குக் காதில் விழுந்தது.

இரண்டு வருஷமாக ட்ரெய்லர் வீட்டு முற்றத்திலேயே நின்றது. போன வருஷம் சந்தையில் அவளுக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார்கள். எந்த டோ பார் நல்லது என்று அவன் விசாரித்துக்கொண்டே இருந்ததில் தேதி தாண்டி, இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. தார்ப்பாயை எடுத்து ட்ரெய்லரை மூடி, நாலு மூலையிலும் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். கைகள் சிவக்க அவள் போட்ட அந்த முடிச்சுகளை அவன் இன்னும் மறக்கவில்லை. ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது என்று யோசித்ததிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் மறுபடி இடம் கிடைத்திருந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் அங்கே ட்ரெய்லரை நிறுத்தியாக வேண்டும். "நாலு மணிக்கு வண்டியோட வாசல்ல நிப்பேன்" என்று காலையில் சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தான்.

"அவசரமில்லைங்க. நிதானமாப் பாத்து வாங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

பாவம், எவ்வளவு பொறுமை அவளுக்கு. அவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"கழட்டி மாட்டறதையே போடுங்க. பாதுகாப்புச் செயின் ரெண்டு பக்கமும். பிளக் நீங்க சொல்றதுதான்."

ஒரே மூச்சில் மூன்று முடிவுகள். அவனுக்கே மூச்சு வாங்கியது.

"அப்படிப் போடுங்க" என்று ஃபிட்டர் எழுந்தார். "கடைசியா ஒண்ணே ஒண்ணு. முனையில இருக்கற இரும்புக் குண்டு நாப்பத்தெட்டு மில்லிமீட்டரா, அம்பதா? சின்னதைப் போட்டா நல்லா உக்காந்த மாதிரிதான் தெரியும். ஒரு பள்ளத்துல ஏறி இறங்கினா ட்ரெய்லர் தனியாக் கழண்டு போயிடும். குண்டு மேல உக்கார்ற ட்ரெய்லர் மூக்குலயே அளவு அடிச்சிருக்கும், வீட்டுல கேளுங்க."

போன் வெகு நேரம் அடித்த பிறகு அவள் எடுத்தாள். காற்று இரைச்சலாக இருந்தது. மொட்டைமாடியில் துணி எடுக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"நான்தாம்மா. முடிவு பண்ணிட்டேன். இப்பவே மாட்டிடுவாங்க." ஃபிட்டருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். "இத்தனை நாள் இழுத்தடிச்சது என் தப்புதான். மனசுல வச்சுக்காத."

ஃபிட்டர் வாட்சைப் பார்ப்பதைக் கண்டு அவன் விஷயத்துக்கு வந்தான்.

"கொஞ்சம் கீழ போயி, ட்ரெய்லர் மூக்குல என்ன அளவு போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லேன்."

"அம்பது மில்லிமீட்டர்" என்றாள் உடனே.

"ஞாபகத்துல சொல்லாதம்மா. நேர்ல பாத்துச் சொல்லு. சைஸ் தப்பாயிட்டா நடுவழியில கழண்டுக்கும்."

"கழண்டுக்காதுங்க. அண்ணன் வண்டியில கோத்து ஒரு மணி நேரமாச்சு, கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டறேன், ஆடாம அசையாம என் பின்னாடியே வருது" என்றாள் அவள். "வீட்டுச் சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு, நான் திரும்பி வரணுமா வேண்டாமாங்கறதைத்தான் இன்னும் முடிவு பண்ணல."