மிக்சியைத் தாண்டிக் கேட்கும் மெட்டு

"மிக்சி ஓடுறப்பவும் இது காதுல விழுமா தம்பி?"

ஜெராக்ஸ் எடுக்க வந்த ஜெயசுதா மேடம் இப்படிக் கேட்டது ஆதவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. நான்கு வருடமாக வீட்டிலேயே எலக்ட்ரானிக் இசை அமைக்கிறான், இதுவரை ஒருவரும் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இணையத்தில் பதினோரு மெட்டுகள் ஏற்றியிருந்தான். மொத்தம் கேட்டவர்கள் பதினான்கு பேர் என்று காட்டியது. அதில் ஆறு பேர் அவனேதான், வேறு வேறு போனிலிருந்து.

பகலில் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. கடை மூடியதும் வீட்டின் பின்னறையில் சிந்தசைசர் என்ற இசைப் பெட்டியும் லேப்டாப்பும். அந்தப் பின்னறைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. இட்லி மாவு வியாபாரம் தொடங்கப் போகிறாள் மனைவி பூங்குழலி. பெரிய கிரைண்டர் வைக்க இடம் வேண்டும். அவள் சண்டை எதுவும் போடவில்லை, ஒரே ஒரு பந்தயம்தான் கட்டினாள்.

"உங்க மியூசிக்கக் கேட்டு இந்தத் தெருவுல ஒரே ஒரு ஆளு வாசலுக்கு வரட்டும். அப்புறம் நான் அந்த ரூமு பக்கமே வரல. ஆவணி பொறக்கறதுக்குள்ள வரலன்னா, அந்தப் பொட்டிய வித்துடணும்."

ஆவணிக்கு மூன்று வாரம் இருந்தபோதுதான் மேடம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கடைக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த மெட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். தனக்கு ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு மெட்டு வேண்டும் என்றார். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

"எதுக்குன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும் மேடம்."

"வல்லத்துல மியூசிக் போடற ஒருத்தர்கிட்ட எதுக்குன்னு சொல்லித்தான் கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கினாரு. நீ கேக்கறவங்கள மட்டும் நெனச்சிக்கினு போடு."

நிபந்தனைகள் மட்டும் நிறையவே இருந்தன. தூங்குகிற குழந்தை அலறி எழக் கூடாது. சாமி பாட்டு என்று நினைத்து, இருந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. தினமும் கேட்டாலும் எரிச்சல் வரக் கூடாது. முக்கியமாக, அடுப்படியில் நிற்கிறவள்கூட கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வர வேண்டும்.

வாசல் என்றதும் ஆதவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூங்குழலி சொல்லி அனுப்பியிருப்பாளோ என்றுகூட ஒரு நொடி சந்தேகப்பட்டான். பிறகு அந்தச் சந்தேகம் போய் ஆசை வந்துவிட்டது. சினிமாவா, கோட்டையில் ஏதாவது விழாவா, கட்சிக் கூட்டமா என்று மண்டையை உடைத்துக்கொண்டான். சோதித்துப் பார்க்க ஒரு புனல் ஸ்பீக்கரை மேடம் கொடுத்துவிட்டுப் போனதும், விழாவேதான் என்று முடிவு கட்டினான்.

சென்னைக்கு மூன்று முறை போய், கடைக்காரர் அலுத்துப்போகும் அளவுக்கு வாசித்துப் பார்த்து வாங்கிய சிந்தசைசர் அது. அடி வயிற்றில் அதிரும் கனமான ஒலிக்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருந்தான். புனல் ஸ்பீக்கரில் போட்டால் அந்தக் கனம் காணாமல் போய், யாரோ தொண்டையைச் செருமுவது போல இருந்தது. ஆதவனுக்கு அழுகையே வந்தது.

பிறகு லேப்டாப்பில் வாத்திய ஓசை தரும் இலவச மென்பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கினான். ஒன்றில் வீணை கரகரத்தது, இன்னொன்றில் புல்லாங்குழல் விசில் அடித்தது. இதுவரை பொம்மைச் சத்தம் என்று தீண்டாமலே வைத்திருந்த ஒரு சின்ன மணியோசைதான் மிக்சி இரைச்சலில் தப்பிப் பிழைத்தது. கடையிலேயே மிக்சியை வைத்து ஓட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கேட்டான். மணியோசைக்குக் கீழே, அடிக்கனத்தை வெட்டியெடுத்த சிந்தசைசரின் நான்கு சுரங்களைக் கூப்பிடுவது போல வைத்ததும் மெட்டு நடை போட்டது. சும்மா கேட்டுக்கொண்டு உட்கார அது விடவில்லை.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை, தன்னையறியாமல் எழுந்து கடை வாசல் வரை போய்விட்டார்.

"போதும் தம்பி. திங்கக்கெழம காலையில ஆறரைக்கு உன் வீட்டு வாசல்ல நில்லு."

எட்டு மணிக்கு முன்னால் ஆதவன் எழுந்து யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை ஆறு மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே பூங்குழலி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மெட்டு வந்த பிறகு அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தான்.

சரியாக ஆறரைக்குத் தெருமுனைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த மணியோசை கிளம்பியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தைலம்மாள் தலையை அள்ளி முடிந்துகொண்டு வெளியே வந்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஆதவன் அவர்கள் முகங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தான். ஆறு, பதினொன்று, பதினான்கையும் தாண்டியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே மிக்சி சட்டென்று நின்றது. பந்தயத்தைச் சொல்லிக் காட்டத் திரும்புவதற்குள், பூங்குழலியே அவனை இடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

"கேட்டியா, இது இன்னா மெட்டு தெரியுமா?" என்றான் பெருமை பொங்க.

"தெரியாம இன்னா, இந்தப் பாட்டு கேட்டா குப்ப வண்டி வந்துடுச்சின்னு அர்த்தம்னு பேரூராட்சி மேடம் சனிக்கெழமையே வீடு வீடா போட்டுக் காட்டி சொல்லிட்டுப் போனாங்களே" என்றபடி, நாற்றமடிக்கும் பச்சை வாளியை அவன் கையில் திணித்தாள்.