வரம்புக்குக் கொஞ்சம் கீழே

“சார், அட்மின் பாஸ்வேர்டைக் குடுங்க.”

கேட்டேவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சீனியர் சொல்லியிருந்தார். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், திட்டினால் திருப்பிக்கூடக் கேள், இயக்குநரிடம் அதை மட்டும் கேட்டுவிடாதே. ஆபீசில் யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பதால் சீனியருக்குச் சமாதானம் என்று பெயர். இப்போது என் பின்னால் நின்று, இல்லாத தூசியைக் கண்ணாடியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆய்வகம் குடிதண்ணீரைச் சோதிக்கிற இடம். பேட்டரி ஆலைக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பின் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்ற அறிக்கையை இன்று நகராட்சிக்காரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் பக்கத்து ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கணக்குப் போடும் மென்பொருளோ காலையிலிருந்து திறக்க மறுக்கிறது. லோகோ வரும். அதன் கீழே ஒரு நீலக் கோடு பாதி வரை ஓடும். அங்கேயே நின்றுவிடும்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். தற்காலிகக் கோப்புகளையெல்லாம் அழித்தேன். பிரிண்டர் வயரைப் பிடுங்கினேன், சில நேரம் அதற்காகக்கூட அடம்பிடிக்கும். சமாதானம் அண்ணன் தன் பங்குக்கு மானிட்டரை ஒரு தட்டுத் தட்டினார். கோடு நகரவில்லை.

மிச்சம் ஒன்றுதான். திறக்கும்போதெல்லாம் மென்பொருள் தானாக ஓட்டுகிற கட்டளைக் கோப்பு. அது பூட்டிய ஃபோல்டருக்குள் இருக்கிறது.

“வந்து ரெண்டு வருஷம் ஆகல, சாவிக்கொத்தைக் கேக்கறியா?” என்றார் இயக்குநர்.

“அப்ப நீங்களே சரி பண்ணுங்க சார்.”

யாராவது பெரிய மனிதர் வந்தால் இவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். “இவங்க குடும்பத்துலயே முதல் டிகிரி. நாங்கதான் கை தூக்கி விட்டோம்.” என் கையை யாரும் தூக்கவில்லை. பரீட்சை எழுதி வந்தேன்.

ஹால் கதவைப் பார்த்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு, கீபோர்டை உடம்பால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தானே தட்டினார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“சீக்கிரம் திற. வேற எதையும் நோண்டாத.”

ஓடினார். திறந்த கோப்பை நான் படித்துப் பார்ப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கை தூக்கி விடப்பட்டவர்கள் சொன்னதை மட்டும்தானே செய்வார்கள்.

சில வரிகள்தான். முதல் வரி, மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து, எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்ற வரம்பு அளவுகளை எடுத்து வரச் சொன்னது. சத்தம் போடுகிறது என்று அந்தக் கம்ப்யூட்டரை நேற்று இயக்குநரே பழைய சாமான்காரருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். ஊரிலேயே இல்லாத கம்ப்யூட்டர் பதில் சொல்லும் என்று மென்பொருள் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறது.

இதற்கா இத்தனை பாடு என்று சிரிப்பு வந்தது. அடுத்த வரியைப் படித்தேன்.

எந்த அளவு வரம்பைத் தாண்டினாலும், அதை வரம்புக்குக் கொஞ்சம் கீழே ஏதோ ஓர் எண்ணாக மாற்று. எல்லாம் ஒரே எண்ணாக இருக்க வேண்டாம்.

எழுதிய தேதியும் இருந்தது. நான் இங்கே வருவதற்கு முந்தைய தேதி.

சோதனைக் கருவியிலிருந்து வரும் எண்களை நாங்கள் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. நேரே இந்த மென்பொருளில்தான் திறப்போம். நான் போட்ட ஒவ்வொரு வரைபடத்திலும் புள்ளிகள் வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நின்றன. போன ஆண்டு அதற்கு எனக்குக் கைதட்டல் வேறு.

“அண்ணே, இது உங்களுக்குத் தெரியுமா?”

சமாதானம் அண்ணன் திரைப் பக்கம் திரும்பவில்லை.

“பொண்ணு காலேஜ் போகுதும்மா” என்றார்.

நான் வேலையைப் பார்த்தேன். நீலக் கோடு கடைசி வரை ஓடியது. மென்பொருள் திறந்தது. கணக்கு முடிந்தது. ஹாலில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அச்சாகி வந்தது.

இயக்குநர் மூச்சிரைக்க வந்து அறிக்கைக் கட்டை வாரிக்கொண்டார். அட்டையைத் தாண்டி அவர் எந்த அறிக்கையையும் புரட்டியதில்லை. புரட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை.

“எதுவும் மாத்தலையே?”

“நான் எதையும் மாத்தல சார்.”

“பாத்தியா, இதுக்குப் போய் காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த.”

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வரம்பு அளவுகளை வேறு இடத்திலிருந்து எடுக்கும்படி முதல் வரியைத் திருத்தியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் அந்தக் கோப்பையே ஓடவிடவில்லை. அவர் இப்போது ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிற தாளில் கருவி சொன்ன எண்கள் இருக்கின்றன. வரம்பைப் போல மூன்று மடங்கு. சில வீடுகளில் நான்கு.

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“எங்க அக்கா வீட்டுக்குண்ணே.”

அக்கா இருப்பது ஆலைக்குப் பின்னால். குழந்தைக்குப் பால் கலக்கக் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தாள். போன வருடம், நானே கணக்குப் பார்த்தேன், குழாய்த் தண்ணீரே போதும் என்று சொன்னேன். “நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தாண்டி இருக்கும்” என்று அன்றோடு கேனை நிறுத்தினாள்.

ஹாலுக்குள் பேச்சு சட்டென்று அடங்கியது.

வேலையை விட்டதை அவளிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். வழியில் ஒரு கேன் வாங்க வேண்டும். படியிறங்கினேன்.