நிற்க மறுத்த என்ஜின்

எங்கள் வீட்டு விமானத்துக்கு எரிபொருள் கணக்கு யாரும் போட வேண்டாம். நேற்றுத் தின்ற பிரியாணி வரைக்கும் நம்மை எடை போட்டு அதுவே நிரப்பிக்கொள்ளும்; கேட்டால் வாய் திறந்து பதிலும் சொல்லும்.

என் காலத்தில் டேங்குக்குள் குச்சியை விட்டுத்தான் அளப்போம். பெண் பார்த்து ஆறு மாதமாகியும் பதில் சொல்லாத ரெஜினாவை ஒருநாள் ஏற்றிக்கொண்டு பறந்தேன். விமானம் சரிவில் நின்றிருந்ததால் குச்சி கூடுதலாகக் காட்டியிருந்தது. தூத்துக்குடி உப்பளத்துக்கு மேலே என்ஜின் நின்றுவிட்டது. அப்படியொரு நிசப்தம்! கீழே நண்டு நடப்பதுகூடக் கேட்டது.

"உசுரோட எறக்குனீங்கன்னா கட்டிக்கிடுதேன்" என்றாள். ஏழாயிரம் கொக்குகள் வேடிக்கை பார்க்க இறக்கினேன்.

ஐம்பது வருடமாயிற்று. அவள் தங்கை வைத்த மீன்குழம்பைப் புகழ்ந்துவிட்டேன். மூன்று நாளாகப் பேச்சில்லை. அன்று போல அவள் வாய் திறக்கட்டும் என்று, அவளை அதே உப்பளத்துக்கு மேலே கூட்டிவந்து விமானத்திடம் கெஞ்சினேன்.

"தாயீ, ரெண்டே நிமிஷம் என்ஜினை நிறுத்து."

"முடியாது ஐயா. மூன்று மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது."

ரெஜினா என் பக்கம் திரும்பாமலே விமானத்திடம் சொன்னாள்: "ஏம்மா, அந்த மனுசன்கிட்ட சொல்லு. மூணு மணி நேரமும் சுத்தட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

விமானம் வாய் திறந்து அதை எனக்குச் சொல்வதற்குள், நீளமாகச் சுற்ற நான் அதைக் கடல் பக்கம் திருப்பிவிட்டேன்.