வலப்பக்க நாற்காலி

"தப்பு என்னுதுதாங்க, இன்ஸ்பெக்டர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் பட்லர் டிரிங்வெல். "நேத்து சாயங்காலம் ரேடியோவுல மந்திரிசபை மாறிடுச்சுன்னு சொன்னாங்க. சர் லூசியனுக்குப் பதவி போச்சு, பெல்லிங் ஐயா புது மந்திரி. விருந்துல மந்திரிக்குத்தானே எங்க எஜமானியம்மாவோட வலப்பக்க நாற்காலி? முப்பது வருஷப் பழக்கம், பெயர்ச்சீட்டைக் கை தானா மாத்தி வெச்சிடுச்சு."

அந்த நாற்காலிக்கு முன்னால் இருந்த உப்புக் கிண்ணத்தில்தான் விஷம் இருந்தது. நேற்றைய விருந்தில் சூப்பைத் தாண்டுமுன்பே பெல்லிங் சரிந்து இறந்துவிட்டார். அந்த மாளிகைக்கு வந்த பெரிய மனிதர்களில் டிரிங்வெல்லுக்கு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"முறைப்படிதானே செஞ்சீங்க, உங்க மேல என்ன தப்பு?" என்றார் இன்ஸ்பெக்டர். "குறி சர் லூசியனுக்கு. பாதி லண்டனோட ரகசியம் அவர் கையில. சீட்டு மாறினது தெரியாத யாரோ வெச்சிருக்காங்க."

மாளிகையின் எஜமானி லேடி அராமின்டாவிடம் விடைபெற்றுக்கொண்டு அவர் போனார்.

"பாவம், நல்ல மனுஷன்" என்று பெருமூச்சு விட்டாள் லேடி அராமின்டா.

"ஆமாம்மா."

"ரேடியோவுல சொன்னதை என் காதுலயும் ஒரு வார்த்தை போட்டிருக்கலாமில்ல, டிரிங்வெல்? விருந்தாளி வந்து உக்காந்தப்புறம், அவர் முன்னால இருக்கற உப்பை எடுன்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்?"

டிரிங்வெல் கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை லூசியன் துக்கம் கேக்க வர்றார். சாப்பாடு இங்கதான். இந்தத் தடவை யார் மந்திரியானாலும் சீட்டைத் தொடாதே."